அடுப்பு வாங்கப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

குழு: கடலூர் வீட்டார்
ஞாயிறு

கலா, காலை 8:12
எல்லோருக்கும் வணக்கம். சமையலறை வேலை பாதி முடிந்துவிட்டது. மேடைக்குக் கிரானைட் போட்டாயிற்று. அடுப்பைக் கல்லில் பதிப்பதா, மேலே வைப்பதா என்று புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். பதிப்பதென்றால் கல்லை வெட்ட வேண்டும். பையனோ மீன், பனீர், சோளம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கிரில் செய்ய வேண்டும் என்கிறான். கடைக்காரர் 4 பர்னர் கண்ணாடி அடுப்பைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிறார்.

நவீன், 8:15
அத்தை, கிரில் என்றால் கரிதான். சின்னக் கரி அடுப்பு ஒன்றை மேடையில் வைத்தால் போதும்.

பெரியப்பா, 8:16
நவீன், வீட்டுக்குள் கரி மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று பதில் எழுதாதே.

நவீன், 8:17
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நவீன், 8:17
மொட்டைமாடியில் மூட்டலாமா தாத்தா?

பெரியப்பா, 8:18
மூட்டு. எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை.

சித்தி, 8:24
கலா, கண்ணாடி மட்டும் வேண்டாம். போன ஆடியில் என் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. நீளமான கிரில் கல்லை இரண்டு பர்னருக்கும் சேர்த்து வைத்து மீன் போட்டிருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். மேடை முழுக்கக் கற்கண்டைக் கொட்டியதுபோல் கண்ணாடி. மீன் கல்லிலேயே அழகாகப் பொன்னிறமாக இருந்தது, அதன்மேலும் கண்ணாடித் தூள். அரைக் கிலோ வஞ்சிரம் குப்பைக்குப் போனது. கடையில் கேட்டால், பெரிய பாத்திரம் வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள்.

கலா, 8:26
ஐயோ சித்தி! கையில் எதுவும் பட்டுவிடவில்லையே?

சித்தி, 8:26
இல்லை. அந்த நேரம் பார்த்துப் பால்காரர் மணி அடித்தார், வாசலுக்குப் போயிருந்தேன்.

பெரியப்பா, 8:31
கல் பர்னரைவிட அகலமாக இருந்தால் சூடு மேலே போக வழியில்லாமல் கீழே திரும்பும். கண்ணாடியில் ஓரிடம் கொதிக்கும், பக்கத்து இடம் குளிர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் அது தாங்காது. தோசை, குழம்பு வைப்பவர்களுக்குக் கண்ணாடி போதும். கிரில் செய்கிறவர்களுக்கு அடுப்பின் மேல்பக்கம் எவர்சில்வர் தட்டுதான் என் கட்சி.

சுந்தர், 8:40
கலா, இண்டக்‌ஷனை யோசித்தாயா? வீட்டில் இருக்கும் பாத்திரங்களில் காந்தம் ஒட்டுகிறதா என்று முதலில் பார்.

கலா, 8:58
ஃபிரிட்ஜில் இருந்த ஊட்டி ரயில் பொம்மையை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன் அண்ணா. ஒன்பதில் மூன்றுதான் ஒட்டின: தோசைக்கல், பணியாரக் கல், அண்ணி கொடுத்த இரும்பு வாணலி. எவர்சில்வர் சட்டி ஒன்றில் ஒட்டுவதுபோல் ஒட்டி வழுக்கி விழுந்தது. அம்மாவின் வெண்கலப் பானையும் அலுமினியக் குண்டானும் திரும்பியே பார்க்கவில்லை.

கலா, 8:59
உங்கள் வீட்டு இண்டக்‌ஷனில் கிரில் எப்படி வருகிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

சுந்தர், 9:07
உண்மையைச் சொன்னால், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நன்றாகச் சிவக்கிறது, ஓரத்துத் துண்டுகள் வெளிறிக் கிடக்கின்றன. உள்ளே இருக்கும் சுருள் அவ்வளவுதான். வெறும் கல்லை நன்றாகக் காய விட்டால் சூடு அதிகம் என்று கத்திவிட்டு நின்றுவிடும். பால் காய்ச்ச, சாதம் வைக்க அதைப்போல் ஒன்று கிடையாது. சமையலறையில் வெக்கையும் இல்லை.

சிதம்பரம் அத்தை, 9:10
எல்லாம் சரி. இண்டக்‌ஷன் வாங்கினால் கத்தரிக்காயை எங்கே சுடுவாய்?

சிதம்பரம் அத்தை, 9:11
நெருப்பில் சுடாத கத்தரிக்காயில் கொத்சு செய்தால் அது கொத்சு இல்லை, கூட்டு. அப்பளம் சுடவும் தீ வேண்டும்.

சுந்தர், 9:12
அத்தை, நான் அப்பளத்தைப் பக்கத்து வீட்டில் சுட்டுக்கொள்கிறேன்.

பெரியப்பா, 9:20
அப்படியானால் எரிவாயுதான். கலா, நான்கு பர்னர் வேண்டாம். 60 சென்டிமீட்டரில் நான்கை அடைத்தால், ஒரு பெரிய கல்லை வைத்ததும் மற்ற மூன்றும் முடங்கிவிடும். மூன்று போதும். நடுவில் இடம் விட்டு, ஒன்று இரட்டை வளையச் சுடருடன் பெரியதாக இருக்கட்டும். பாத்திரம் தாங்கும் கம்பியைக் கையால் அழுத்திப் பார். வார்ப்பிரும்புக் கல்லும் மீனும் சேர்ந்து ஐந்து கிலோ வரலாம், மெல்லிய கம்பி வளைந்துவிடும். சொட்டும் எண்ணெயைப் பிடிக்கும் தட்டு தனியாகக் கழன்று வர வேண்டும். எரிவாயு அடுப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4246 முத்திரை இருக்கிறதா என்று பார். அந்தத் தரப்படி வெப்பத் திறன் 68 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் வசதி கிடைத்தால் கூடுதல் பணம் கொடு. பற்றவைக்கும்போது திருகியைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் தொல்லை.

சித்தி, 9:22
மாமா, இதை அப்படியே அச்சடித்துக் கடையில் கொடுக்கலாம்.

பெரியப்பா, 9:29
இன்னும் முடியவில்லை. கிரிலுக்கு அடுப்பைவிடப் புகைதான் பெரிய பிரச்சினை. சிம்னி உண்டா?

கலா, 9:31
குழாய் இல்லாத சிம்னி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சுவரை உடைக்க வேண்டாம் என்றார்கள்.

பெரியப்பா, 9:36
அது கரித்தூள் வடிகட்டி வழியாகக் காற்றை மறுபடி உன் முகத்திலேயே விடும். வாசனை கொஞ்சம் குறையும், வெப்பமும் ஈரமும் அறையிலேயே இருக்கும். மீன் செய்வதென்றால் குழாய் வைத்து வெளியே விடு. உன் அறை 10க்கு 8 அடி, உயரம் 10. அதாவது சுமார் 23 கன மீட்டர். மணிக்கு 1,000 கன மீட்டர் இழுக்கும் சிம்னி என்றால் ஏட்டுக் கணக்கில் 40 தடவைக்கு மேல் காற்று மாறும். குழாயில் வளைவு கூடக் கூட அது குறையும். ஒரே வளைவில் வெளியே போகும்படி பார்த்துக்கொள். வலை வடிகட்டி வேண்டாம், நம் தாளிப்புக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தகடு வைத்தது வாங்கு.

சிதம்பரம் அத்தை, 9:41
புகை வராமல் செய்யவும் தெரிய வேண்டும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாதே, மீன்மேல் தடவு. செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், கிரிலுக்கு ரீஃபைண்டு கடலை எண்ணெய் போதும். கல்லைச் சிறு தீயில் காய வை. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓட வேண்டும், அப்போது மீனைப் போடு. தானாகக் கல்லை விட்டு எழும்பும்வரை கரண்டி படக் கூடாது. வரி போட்ட கல் பனீருக்கு அழகு. மீனுக்குத் தோசைக்கல்தான், வரிக்குள் மசாலா போய்க் கருகும்.

நவீன், 9:43
அப்படியென்றால் கிரில் கல்லே வேண்டாமா பாட்டி?

சிதம்பரம் அத்தை, 9:44
உன் அத்தை பையன் கோடு கோடாக வேண்டும் என்பான். வாங்கட்டும்.

கலா, மாலை 5:50
மூன்று பர்னர், எவர்சில்வர் தட்டு, முன்பணம் கொடுத்துவிட்டேன். இண்டக்‌ஷனுக்கு 16 ஆம்பியர் பிளக் ஒன்றும் போடச் சொல்லிவிட்டேன், பாலுக்கு ஆகும். கல்லை வெட்ட வேண்டாம், சிம்னிக் குழாய்க்குச் சுவரில் துளை போடுங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். நேற்றுதான் அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டினேன் என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

சித்தி, 5:52
ஒட்டியது ஒட்டட்டும். உடைக்கச் சொல்.