எதிர்மறை அழுத்தமா, உறிஞ்சழுத்தமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். புண்ணைக் காற்றுப் புகாமல் மூடி, பம்பால் உறிஞ்சி ஆற்றும் சிகிச்சையான 'நெகட்டிவ் பிரஷர் வூண்ட் தெரபி'க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: எதிர்மறை அழுத்தக் காயச் சிகிச்சை, வெற்றிடக் காயமூடல், தாழ்வழுத்தச் சிகிச்சை, உறிஞ்சுகட்டு. ஐந்தாவதாக உறிஞ்சழுத்தம் என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதிலிருந்து உறிஞ்சழுத்தக் கருவி, உறிஞ்சழுத்தக் கட்டு, உறிஞ்சழுத்தப் புண் சிகிச்சை ஆகிய மூன்றும் கிடைத்துவிடும். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் என் காரணங்கள் விளங்கும்.

இறந்த திசுவை அகற்றிய பிறகு, புண்ணின் குழிக்கு ஏற்ற அளவில் நுரைப்பஞ்சை வெட்டி வைக்கிறார்கள். பெரும்பாலும் அது கருநிறப் பாலியூரித்தேன்; 400 முதல் 600 மைக்ரோமீட்டர் வரையிலான அதன் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. அதன் மேல், சுற்றியுள்ள தோலையும் சேர்த்து, காற்றுப் புகாத ஒட்டுப்படலத்தை ஒட்டுகிறார்கள். படலத்தில் ஒரு சிறு துளையிட்டுக் குழாயைப் பொருத்தி, மறுமுனையைக் குடுவை உள்ள பம்புடன் இணைக்கிறார்கள். பம்பு ஓடத் தொடங்கியதும் பஞ்சு சுருங்கி இறுகுகிறது. புண்ணின் விளிம்புகள் உள்நோக்கி இழுபடுகின்றன. புண்நீர் குடுவைக்குப் போகிறது, வீக்கம் குறைகிறது. பஞ்சின் துளைகளுக்குள் திசு நுண்ணளவில் இழுபடுவதால் செல்கள் பெருகி, சிவந்த மணிமணியான புதுச்சதை வளர்கிறது.

இன்றைய வடிவத்தில் இந்த முறையைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்ஜென்டாவும் மோரிக்வாஸும். 1997-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பன்றிகளில் செய்த சோதனைகளே அடிப்படை. கட்டுக்குள் அழுத்தத்தை வெளிக்காற்றை விட 125 மில்லிமீட்டர் பாதரசம் குறைத்து வைப்பது (கருவியில் மைனஸ் 125) இன்றும் வழக்கம்; அந்த அளவு அங்கிருந்து வந்ததுதான். அந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் 125 குறைந்தால் கட்டுக்குள் இன்னும் 635 இருக்கிறது. ஆறில் ஐந்து பங்கு காற்றழுத்தம் மிஞ்சியிருக்கும் இடத்தை வெற்றிடம் என்று அழைப்பது பிழை. தவிரவும், 'வெற்றிடக் காயமூடல்' என்பதற்கு மூலமான 'வேக்யூம் அசிஸ்டட் குளோஷர்' ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயராக வளர்ந்தது. அதை அப்படியே பெயர்த்து முழுத் துறைக்கும் பொதுச்சொல் ஆக்குவது முறையன்று. 'மூடல்' என்ற சொல்லும் பொருந்தவில்லை. பல நேரங்களில் இந்தக் கருவி புண்ணை மூடுவதில்லை; தோல் ஒட்டுக்கோ தையலுக்கோ புண்ணின் தளத்தைத் தயார் செய்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

'எதிர்மறை அழுத்தம்' ஏற்கெனவே புழங்குகிறது, அதைக் கலைக்க வேண்டாம் என்று மருத்துவ நண்பர் எழுதியிருந்தார். பாடநூலில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கருவிக்கு அருகில் நிற்கும் ஒருவரிடம் 'எதிர்மறை அழுத்தத்தைக் கூட்டுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். மைனஸ் 125-இலிருந்து மைனஸ் 150-க்குப் போக வேண்டுமா, மைனஸ் 100-க்கு வர வேண்டுமா? கணக்குப்படி ஒன்று, நடைமுறைப்படி வேறொன்று. 'உறிஞ்சழுத்தம் 125' என்றால் மைனஸ் குறியே தேவையில்லை. எண் கூடினால் உறிஞ்சல் கூடும், அவ்வளவுதான். நோயாளியின் காதில் 'எதிர்மறை' எப்படி விழும் என்பதும் இருக்கிறது. சோதனை முடிவுகளில் கேட்டுப் பழகிய 'நெகட்டிவ்' ஒரு பக்கம், கெடுதல் என்ற பொருள் இன்னொரு பக்கம். இரண்டுமே இங்கு உதவாதவை.

'தாழ்வழுத்தம்' அழகான சொல். வானிலைச் செய்திகளில் பழகியது. இயற்பியல் நோக்கில் குறை சொல்ல முடியாதது. அதை நான் ஏற்காததற்கு ஒரே காரணம் மருத்துவமனைச் சூழல். அங்கே அழுத்தம் என்றாலே இரத்த அழுத்தம்தான். 'தாழ்வழுத்தம் 125' என்று எழுதிய தாளை வாங்குபவர், தன் இரத்த அழுத்தம் தாழ்ந்துவிட்டது என்றே படிப்பார். இரண்டுக்கும் அலகு ஒன்று. எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. வேறு எந்தத் துறையிலும் வராத குழப்பம் இங்கே வந்தே தீரும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'உறிஞ்சுகட்டு'தான் என்பதை ஒளிக்கவில்லை. சின்ன சொல், ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. ஆனால் தமிழில் வேர் நீரை உறிஞ்சுகிறது, பஞ்சு உறிஞ்சுகிறது, பம்பும் உறிஞ்சுகிறது. கருவியே இல்லாமல், புண்நீரைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும் கட்டுகள் வேறு இருக்கின்றன; நுரைக்கட்டு, ஆல்ஜினேட் கட்டு போன்றவை. 'உறிஞ்சுகட்டு' என்றால் அவற்றைத்தான் முதலில் நினைக்கத் தோன்றும். அந்தப் பெயரை அவற்றுக்கே விட்டுவிடலாம். 'அழுத்தம்' சேர்ந்தால் பம்பு உள்ளது என்பது தெளிவாகிவிடும்.

உறிஞ்சுவது இழுப்பது, அழுத்துவது தள்ளுவது, இரண்டையும் ஒரே சொல்லில் எப்படிக் கட்டலாம் என்று ஒரு கேள்வி வரும். இங்கே இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. குறைவான அழுத்தம் பஞ்சுக்குள்தான் இருக்கிறது. வெளிக்காற்றால் நசுங்கிச் சுருங்கும் அந்தப் பஞ்சு கீழுள்ள திசுவை அழுத்துகிறது. திசுவுக்குள் அளந்தால் அழுத்தம் கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரத்த ஓட்டம் ஏற்கெனவே மோசமான காலில் இந்தக் கட்டைக் கவனத்துடன் பயன்படுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே 'எதிர்மறை'யை விட 'உறிஞ்சழுத்தம்' உண்மைக்கு நெருக்கமானது என்பேன்.

காயமா, புண்ணா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை: புண். விபத்தில் பட்டதைக் காயம் என்கிறோம், சரி. ஆனால் இந்தக் கருவி அதிகம் தேவைப்படுவது நீரிழிவுக் கால்புண், படுக்கைப்புண், பிரிந்துபோன அறுவைப்புண் போன்ற ஆறாதவற்றுக்கு. புண் என்றால் வாய்ப்புண் போலச் சிறியதாகத் தோன்றுகிறது என்ற கருத்தையும் ஏற்க முடியவில்லை. போரில் மார்பில் பட்டதைக்கூட விழுப்புண் என்றுதான் சொன்னோம். தையலிட்டு மூடிய வெட்டின் மேல் இதே கட்டைப் போடும்போது மட்டும் 'தையல் மேல் உறிஞ்சழுத்தக் கட்டு' என்று விரித்து எழுதலாம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கையடக்கக் கருவிகள் வந்த பிறகு இந்தச் சிகிச்சை மருத்துவமனையோடு நிற்பதில்லை. நோயாளியோடு வீட்டுக்குப் போகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இலும் 2011-இலும் இந்தக் கருவிகள் குறித்து எச்சரித்தது. இரண்டையும் சேர்த்தால் 12 மரணங்கள். அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலோ நிகழ்ந்தவை. மிகக் கடுமையான சிக்கல் இரத்தப்போக்கு. பஞ்சுத் துண்டு புண்ணுக்குள் தங்கிப்போய்த் தொற்று உண்டானதும் பதிவாகியிருக்கிறது. வெளியே தெரியும் இரத்தக் குழாய், உள்ளுறுப்பு, புண்ணில் புற்றுநோய், சிகிச்சை பெறாத எலும்புத் தொற்று ஆகியவை இருந்தால் இந்தக் கட்டைப் போடவே கூடாது. ஆகவே நாம் தேர்ந்தெடுக்கும் சொல், இரவில் தனியாக ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் படிக்கும் தாளில் நிற்க வேண்டிய சொல். அந்தத் தாளுக்காக நான் எழுதிப் பார்த்தது:

'குழாயிலோ குடுவையிலோ பளிச்சென்ற சிவப்பில் இரத்தம் தெரிந்தால் உறிஞ்சழுத்தக் கருவியை உடனே நிறுத்துங்கள். கட்டைப் பிரிக்க வேண்டாம். அதன் மேலேயே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். வேறு காரணத்தால் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கருவி ஓடாமல் இருந்தால், கட்டை அப்படியே விட்டுவைக்கக் கூடாது, செவிலியரிடம் தெரிவியுங்கள்.'

இதில் 'எதிர்மறை அழுத்தக் காயச் சிகிச்சைக் கருவி'யை வைத்துப் படித்துப் பாருங்கள். முதல் வரியிலேயே மூச்சு வாங்குகிறது.

துணைச்சொற்களில் ஒன்றை மட்டும் இப்போதே தீர்த்துக்கொள்ளலாம். 'கசிவு' என்பதைப் புண்ணிலிருந்து ஊறும் நீருக்கும், படலத்தின் ஓரத்தில் காற்று உள்ளே நுழைவதற்கும் சேர்த்தே பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். கருவி 'கசிவு' என்று எச்சரிக்கை ஒலி எழுப்பும்போது பார்க்க வேண்டியது இரண்டாவதை. முதலாவதற்குப் புண்நீர், இரண்டாவதற்குக் காற்றுக்கசிவு என்று பிரித்துவிட்டால் போதும். தொடர்ந்து உறிஞ்சுவது, விட்டுவிட்டு உறிஞ்சுவது ஆகிய இரண்டு முறைகளுக்கும் தொடர்முறை, விட்டுமுறை என்றே வைக்கலாம். யாரும் மறுக்கமாட்டீர்கள் என நினைக்கிறேன்.

எனக்கு விடை கிடைக்காத ஒன்று உண்டு. உறிஞ்சலை இடையில் நிறுத்தி, கழுவுநீர்மத்தைக் கட்டுக்குள் செலுத்தி, சில நிமிடங்கள் புண்ணில் ஊறவிட்டு, மறுபடி உறிஞ்சி எடுக்கும் வகை ஒன்று வந்திருக்கிறது. 'கழுவல்' என்றால் ஊறவிடுவது விட்டுப்போகிறது. 'ஊறல்' என்றால் வேறு பொருள் முந்திக்கொள்கிறது. புண் பராமரிப்பில் பணிபுரியும் செவிலிய நண்பர்கள் இதைப் பேச்சில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்; அங்கிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
குழு உறுப்பினர்