அதே ரெண்டு ஊர், போக ஒரு நேரம் வர ஒரு நேரம் – உங்கள் அனுபவம்?

கடலோடி:
நியூயார்க்கிலிருந்து லண்டன் திரும்பிய ராத்திரி விமானம். எல்லோரும் போர்வைக்குள், நான் மட்டும் முன்சீட்டுத் திரையில் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரைவேகம், அதாவது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம், மணிக்கு 1,100 கிலோமீட்டரைத் தாண்டி நிற்கிறது! போகும்போது 800 சொச்சம்தான் காட்டியது. இவ்வளவு வேகத்திலும் தம்ளர் தண்ணீர் கொஞ்சம்கூட ஆடவில்லை. போக ஏழரை மணி நேரத்துக்கு மேல், வர ஆறரைகூட ஆகவில்லை. நடுவில் இருப்பது அதே 5,550 கிலோமீட்டர்தானே? இன்னும் மனசு ஆறவில்லை.

நெடுவழி:
ஜெட் ஸ்ட்ரீம்தான், வேறென்ன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று, விமானமும் அதோடு சேர்ந்தே போவதால் உள்ளே ஒன்றும் தெரியாது. ஆனால் 'அதே தூரம்' என்கிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெல்லி – சான் பிரான்சிஸ்கோ போனபோது விமானம் ஐரோப்பா பக்கமே போகவில்லை, கிழக்கே பசிபிக் மேல் போனது. ஏர் இந்தியா 2016 அக்டோபரில் செய்த மாற்றம் இது. அட்லாண்டிக் வழி சுமார் 13,900 கிலோமீட்டர், பசிபிக் வழி 15,300. அவ்வளவு சுற்றியும் முன்னைவிடச் சீக்கிரம் போய்விடுகிறது. பக்கத்து சீட்டுப் பெரியவர் மேப்பில் ஜப்பானைக் கண்டதும் என் கையைப் பிடித்து, "தம்பி, வேற ஃப்ளைட்ல ஏறிட்டோமா?" என்றார். அந்த முகம் மறக்கவில்லை.

பனிமலை:
இருவரும் காற்றையே பேசுகிறீர்கள். ஹெல்சிங்கி – டோக்கியோ முன்பு சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரம். 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிய பிறகு பதிமூன்று மணி நேரம் ஆகிறது. நான் போனது வட துருவப் பக்கமாக. ஜன்னல் மூடியைத் தூக்கினால் வெள்ளை, வெகுநேரம் கழித்துத் தூக்கினாலும் அதே வெள்ளை, குறுக்கே கறுப்பாக ஒரு விரிசல். ஊர் நகரவில்லை, காற்றும் மாறவில்லை, வழியை அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மதியொளி:
என் அண்ணி டோக்கியோவில் ராத்திரி ஏறி ஹொனலுலுவில் அன்று காலையே இறங்கிவிட்டார். நடுவில் பசிபிக்கில் தேதி மாறும் தேதிக்கோடு இருக்கிறது, கிழக்கே தாண்டினால் ஒரு நாள் பின்னே போய்விடும். ஹோட்டல் அறை மறுநாளுக்குத்தான் இருந்தது, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருந்தார், பாவம். அதனால் சொல்கிறேன், டிக்கெட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் கணக்குப் போடாதீர்கள், பயண நேரம் என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். அதுவும் பறக்கும் நேரம் மட்டும் இல்லை, கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊர் கேட்டில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். தேதிக்கோட்டைத் தாண்டினால் இறங்கும் தேதியை இரண்டு முறை பாருங்கள், அப்புறம் ஹோட்டல் போடுங்கள். அடுத்த விமானம் தனி டிக்கெட் என்றால் நடுவில் நிறைய நேரம் விடுங்கள், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது.

கடலோடி:
மதியொளி, நான் அடுத்த பயணத்துக்கு வழி கேட்கவில்லை, இருந்தாலும் சரி. பனிமலை, நீங்கள் சொல்வது ஹெல்சிங்கிக்குப் பொருந்தும், என் பாதையை யாரும் அடைக்கவில்லையே. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. காற்றில்லாமல் அது எப்படி முடியும், சொல்லுங்கள்.