மகள் எழுதும் கதையில் பிழை திருத்தலாமா?

நிலாமுற்றம்:
ஒன்பது வயது மகள், பள்ளிக்காக இல்லை, தானாகவே ஒரு பழைய நோட்டில் கதை எழுதிக்கொண்டிருந்தாள். காட்டில் விடாமல் மழை பெய்கிற கதை, முதல் பக்கத்திலேயே எட்டு இடத்தில் ‘மளை’. நான் சும்மா இருந்திருக்கலாம், சிவப்புப் பேனாவால் எட்டையும் சுழித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நோட்டைக் காணோம். கேட்டால் ‘கதை முடிஞ்சிருச்சு’ என்கிறாள். நான் செய்தது தப்பா?

கறார்வாத்தி:
தப்பே இல்லை. இப்போது திருத்தாவிட்டால் பத்தொன்பது வயதிலும் மளைதான் பெய்யும். எங்கள் வீட்டில் புத்தகம் ஒன்று முடித்தால் ஒரு ஸ்டிக்கர், பத்து சேர்ந்தால் பரிசு. பையன் இந்த வருடம் முப்பது முடித்துவிட்டான்.

அரைப்புழு:
முப்பதும் எவ்வளவு தடிமன் என்று பார்த்தீர்களா? எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் ஒல்லிப் புத்தகமாகத்தான் கை போகும், சின்ன வயதில் நானே அப்படித் தேடியவன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு இஷ்டத்துக்கு விளையாட விட்டபோது மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

கறார்வாத்தி:
முழுசாகச் சொல்லுங்கள் சகோ. ஏற்கெனவே ஆசையாக வரைகிற பிள்ளைகளை மட்டும்தான் அதற்கு எடுத்தார்கள். முன்னால் சொல்லாமல் கடைசியில் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு ஆர்வம் குறையவும் இல்லை. என் பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டான், அவனிடம் குறைவதற்கு என்ன இருந்தது?

அரைப்புழு:
சரி, அது நியாயம்தான். ஆனால் இந்தப் பெண் ஏற்கெனவே எழுதுகிறவள் ஆயிற்றே. 1826இல் அப்பா வாங்கிவந்த 12 மரச் சிப்பாய்களை வைத்துத்தான் இங்கிலாந்தின் பிரான்டே (Brontë) வீட்டுப் பிள்ளைகள், பின்னாளில் நாவல் எழுதிய சார்லட், எமிலி, ஆன் எல்லாம், கதை கட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் பொம்மைகள் படிக்கிற அளவுக்குக் குட்டிப் புத்தகங்கள் தைத்து, பெரியவர்கள் பூதக்கண்ணாடி தேடுகிற அளவு பொடி எழுத்தில் நிரப்பினார்கள், எழுத்துப்பிழைகளோடு. பெரியவர்கள் கண்ணுக்கு எட்டக்கூடாது என்பதும் ஒரு காரணமோ என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

கறார்வாத்தி:
ஒரே வீட்டில் மூன்று நாவலாசிரியர்கள் வந்ததை வைத்து எல்லார் வீட்டுக்கும் விதி எழுதாதீர்கள். தப்பை நூறு தடவை எழுதினால் கை அதற்கே பழகிவிடும்.

காமிக்ஸ்காரி:
கை பழகும் என்றால் கண்ணும் பழகும் அண்ணா. எங்கள் பிள்ளைக்குக் காமிக்ஸ் தவிர எதுவும் இறங்காது, ஆனால் ஒரே புத்தகத்தை இருபது தடவை படிப்பான், அதிலேயே பாதிப் பிழை தானாகப் போனது. மீதிக்கு நான் அவன் கதையைத் தொடுவதில்லை. ‘அந்த நரிக்கு அப்புறம் என்ன ஆச்சு’ என்று ஒரு சீட்டு எழுதி வைப்பேன், அவன் தப்பாக எழுதிய வார்த்தை என் சீட்டில் சரியாக இருக்கும்.

கறார்வாத்தி:
அதுவும் திருத்தம்தானே, சுற்றி வளைத்து.

காமிக்ஸ்காரி:
திருத்தம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நோட்டு காணாமல் போவதில்லை.

நிலாமுற்றம்:
நேற்று இரவு சீட்டு வைத்துப் பார்த்தேன்: ‘காட்டில் மழை நின்றதா?’ காலையில் பதில் இருந்தது: ‘மளை இன்னும் நிக்கல. பேனா எடுத்துட்டு வராதீங்க.’

கறார்வாத்தி:
இன்னும் ளகரம்தான் போட்டிருக்கிறாள், கவனித்தீர்களா?