பாரம் ஏறினால் வேகம் இறங்கும் எஞ்சின்

நான் (குடும்பக் குழுவில், காலை 6.10): எல்லோருக்கும் வணக்கம். நம் வள்ளத்தின் பழைய 25 குதிரைத்திறன் எஞ்சின் ஒரு வாரமாகத் தொல்லை தருகிறது. வெறும் வள்ளமாக ஓட்டும்போது குறையே இல்லை. வலையும் ஐஸ் பெட்டியும் நான்கு ஆட்களும் ஏறிய பின் முழு வேகம் கொடுத்தால், இரண்டே நிமிடத்தில் சத்தமும் வேகமும் சேர்ந்து இறங்கிவிடுகின்றன. சிறிது நேரம் மெதுவாக ஓட்டினால் பழையபடி இழுக்கிறது. பிளக்குகளை மாற்றியும் பயன் இல்லை.

சித்தப்பா: நேற்று கரையில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தோம், மச்சான், நன்றாகவே ஓடியது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பெரிய மாமா: அவசரப்பட்டுச் செலவு செய்ய வேண்டாம். டிரம்மில் எஞ்சினுக்குப் பாரம் கிடையாது. குறைவாகத் தேவைப்படும் பெட்ரோல், பாதி அடைத்த வழியிலும் வந்து சேர்ந்துவிடும். மெதுவாக ஓட்டினால் மீண்டுவிடுகிறது என்று மருமகன் எழுதியதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் முழு வேகத்தில் காலியாகி, வேகம் குறைந்ததும் மறுபடி நிறைகிறது என்றே நினைக்கிறேன். புரொப்பல்லரைத் தண்டோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ் வழுக்கியிருந்தால் சத்தம் ஏறும், வள்ளம் மட்டும் பின்தங்கும். இங்கே அப்படி இல்லை.

அடுத்த முறை வேகம் இறங்கும் அந்த நொடியிலேயே பெட்ரோல் ஓஸில் உள்ள ரப்பர் கைப்பம்பை ஒருவர் பிடித்துப் பாருங்கள். அது சப்பையாக ஒட்டிக் கிடந்தால் டேங்கிலிருந்து அதுவரை உள்ள வழியில் அடைப்பு. உருண்டையாகவே இருந்து, அமுக்கியதும் வேகம் திரும்பினால் எஞ்சினின் பெட்ரோல் பம்புக்குள் உள்ள டயபிரம் என்ற சவ்வு தளர்ந்திருக்கிறது. அமுக்கியும் மாற்றமில்லை என்றால்தான் மெயின் ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை), மின்பொறி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) என்று போக வேண்டும்.

இந்தச் சோதனைக்குத் தவிர முழு வேகம் கொடுக்காதீர்கள். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் இறுகிவிடும். என் முதல் எஞ்சினை அப்படித்தான் இழந்தேன்.

அத்தை: சோதனைக்குத் தனியாகப் போகாமல் இன்னொரு வள்ளத்தோடு சேர்ந்து போங்கள், துடுப்பை மறக்க வேண்டாம்.

நான் (மறுநாள், மாலை 4.35): மாமா, கைப்பம்பு சப்பையாகத்தான் இருந்தது. டேங்க் மூடியின் காற்றுத் திருகு அடைத்திருக்குமோ என்று மூடியையே கழற்றிப் பார்த்தும் மாற்றமில்லை. ஃபில்டரும் சுத்தமாக இருந்தது. டேங்கிலிருந்து வரும் ஓஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத ஓஸில், உட்புற ரப்பர் தோல்போல உரிந்து, பெட்ரோல் வேகமாக இழுபடும்போது வழியை மூடுமாறு தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய மாமா: பழைய ரப்பர் பலவும் எத்தனாலைத் தாங்குவதில்லை, இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்கு ஏற்ற புதிய ஓஸை, பழையதைவிட உள்விட்டம் குறையாமல் பார்த்து வாங்கி, காற்று புகாதபடி கிளிப் போட்டு இறுக்குங்கள். டயபிரமும் அதே வயதுதான், அதையும் மாற்றிவிடுங்கள்.

நான் (சனி, பகல் 11.20): இரண்டையும் மாற்றினோம். இன்று முழுப் பாரத்தோடு நாற்பது நிமிடம் ஓட்டியும் வேகம் இறங்கவில்லை.

பெரிய மாமா: மகிழ்ச்சி. ஒரு வாரம் பெட்ரோல் போதாமல் இழுத்த எஞ்சின் அது. உள்ளே சேதம் உண்டா என்று தெரிய, நாளைக்கே இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து குழுவில் எழுது.