கால்பந்து பார்க்க இரண்டு ஆப், ஒரு கேபிள்: செலவை எப்படிக் குறைப்பது?

செல்லூர் விங்கர்:
கால்பந்தில் எனக்கு வேண்டியது இங்கிலீஷ் பிரீமியர் லீக், அப்புறம் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக், அவ்வளவுதான். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் வருவதில்லை, அதற்கொரு ஆப், இதற்கொரு ஆப், இது போக அம்மாவின் சீரியலுக்குக் கேபிள். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் காசு ஏறியிருக்கிறது. ராத்திரி ஒன்றரை மணிக்கு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்க இவ்வளவா? யாராவது குறைத்திருந்தால் வழி சொல்லுங்கள். திருட்டு லிங்க் வேண்டாம், சரியாக கோல் விழுகிற நேரத்தில்தான் வட்டம் சுற்றும்.

ஆனையூர் ரிமோட்:
தம்பி, முதலில் கேபிளைப் பாருங்க. 2019-இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி வந்ததிலிருந்து சேனலைத் தனித்தனியாக எடுக்கலாம். அப்போது அடிப்படைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு, சேனல் காசு தனி. 2024-இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் கேபிள்காரர் எங்களைக் கேட்காமலே பெரிய பேக் போட்டிருந்தார், வீட்டில் யாருக்கும் தெரியாத பாஷையில் ஏழெட்டு சேனல்! லிஸ்ட் எழுதிக் கொடுத்து இரண்டு தடவை நடந்த பிறகுதான் குறைத்தார்.

மேலூர் கீப்பர்:
2022 உலகக் கோப்பையை ஜியோசினிமா ஆப்பில் ஓசியில் பார்த்துப் பழகிவிட்டோம், அதான் இப்போது வலிக்கிறது. நான் வருடச் சந்தா கட்டுவதில்லை. சாம்பியன்ஸ் லீக்கில் இப்போது 36 அணி, ஜனவரி கடைசி வரை ஆளுக்கு 8 ஆட்டம், பெரிய டீம் தோற்றாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட் தொடங்கும் பிப்ரவரியிலிருந்து மே வரை மட்டும் எடுப்போம், நாலு பேர் ஒருத்தர் வீட்டு மாடியில் கூடி காசைப் பிரித்துக்கொள்வோம்.

செல்லூர் விங்கர்:
அது சரி அண்ணே, பிரீமியர் லீக் ஆகஸ்டிலிருந்து மே வரை ஓடுதே. அதை மாசாமாசம் எடுத்தால் வருடச் சந்தாவைத் தாண்டுகிறது.

ஒத்தக்கடை டிஷ்:
உலகக் கோப்பைக்கு மட்டும் என்றால் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷான டிடி ஃப்ரீ டிஷ் வைக்கலாம், மாசக் காசு கிடையாது. முக்கியமான ஆட்டங்களின் சிக்னலை தூர்தர்ஷனுக்குக் கொடுக்கச் சொல்லி 2007-இல் சட்டமே வந்தது. ஆனால் கேபிளில் தேடாதீர்கள். அந்த சிக்னல் தூர்தர்ஷனின் சொந்த தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரீமியர் லீக் மாதிரி கிளப் ஆட்டத்துக்கு இது உதவாது.

செல்லூர் விங்கர்:
பிரீமியர் லீக்கை வருடத்துக்கும், மற்றதை பிப்ரவரிக்கு அப்புறமும் எடுக்கப் போகிறேன். கேபிள்காரரிடம் லிஸ்ட் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். போன ஞாயிறுக்கும் அதையேதான் சொன்னார்.