நாயுண்ணிச் செடி தின்ற மாடு: கண் மஞ்சள், தோல் வெடிப்பு. என்ன மருந்து?

கிரான்_பட்டி:
பெரும்போக விதைப்புக்காகப் பட்டியை மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்ச்சாச்சு. புல் குறைவு, பத்தையில நிக்கிற நாயுண்ணிச் செடியை (லன்டானா) கடிச்சிருக்குதுகள். இப்ப ஒரு வெள்ளைப் பசுவுக்கும் ஒரு நாகுக்கும் கண் மஞ்சள். இரை மீட்கிறதில்ல, சாணி காய்ஞ்சு கொஞ்சமாப் போகுது, மூக்கும் காம்பும் சிவந்து வெடிக்குது. உண்ணிக் காய்ச்சல் எண்டு ஊசி போடச் சொல்றாங்க. சரியா?

செங்கலடி_கால்நடை:
தம்பி, முதல்ல வெப்பமானியை ஆசனவாயில வெச்சுப் பாருங்க. உண்ணிக் காய்ச்சல் எண்டா பெரும்பாலும் 40 பாகைக்கு மேல ஏறும், மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரிச் சிவக்கும். காய்ச்சல் இல்லாம மலச்சிக்கலும் தோல் வெடிப்பும் சேர்ந்து வந்தா நாயுண்ணியைத்தான் சந்தேகிக்க வேணும். அதுக்கு உண்ணிக் காய்ச்சல் ஊசி உதவாது.

நாயுண்ணி இலையில இருக்கிற லன்டடீன் எண்ட நஞ்சு ஈரலைத் தாக்கிப் பித்தம் வடியாமப் பண்ணும். பச்சைப் புல்லில இருந்து வாற ஒரு பொருளைப் பித்தத்தோட வெளியேத்த ஏலாம அது இரத்தத்தில சேரும். வெயில் பட்டதும் வெள்ளைத் தோல் வெந்து உரியிறது அதனாலதான். ஈரல் பழுதானா வயிறு அசையாது, உள்ளே கிடக்கிற இலையில இருந்து நஞ்சு திரும்பத் திரும்ப ஊறும். தின்று நாலைஞ்சு நாள் போனாலும் வயித்துக்கு மருந்து குடுக்கிறதில பலன் இருக்கிறது இதுக்காகத்தான்.

மருந்து செயலூட்டிய கரித்தூள். உடல் எடை கிலோவுக்கு 5 கிராம்: 200 கிலோ நாட்டு மாட்டுக்கு 1 கிலோ, 8 லீட்டர் தாது உப்புக் கரைசலில கரைச்சு வயித்துக் குழாயால விடவேணும். அடுத்த நாளும் தேறாட்டி இன்னொரு தரம். கரித்தூள் கிடைக்காட்டி பென்டனைட் களிமண் அதே அளவு, ஆனா குணமாக நாள் கூட எடுக்கும்.

கிரான்_பட்டி:
குழாய் இல்ல அண்ணே. போத்தலால பருக்கலாமா? அடுப்புக்கரியை இடிச்சுக் குடுத்தா?

அம்பாறை_மிருகவைத்தியம்:
ரெண்டும் வேண்டாம். சோர்ந்த மாட்டுக்குப் போத்தலால 8 லீட்டர் பருக்கினா நுரையீரலுக்குள்ள போய்ச் சாகும். அடுப்புக்கரி நஞ்சை அந்த அளவுக்குப் பிடிக்காது. சிரட்டைக்கரி போன்றதை ஆலையில செயலூட்டிய தூள்தான் வேலை செய்யும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்க. குழாய் விடும்போது கழுத்தின் இடப்பக்கம் அது இறங்கிறது கைக்குத் தட்டுப்படும், வயித்து வாயு மணக்கும். இருமினா, மூச்சோட காத்து வந்தா உடனே இழுத்திரவேணும். நரம்பால சேலைன், புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி எவ்வளவு எண்டதை வைத்தியர் பார்த்துச் சொல்லுவார்.

அதுவரைக்கும் மாட்டை நிழலில கட்டுங்க. மரம் இல்லாட்டி நாலு கம்பு நட்டுக் கிடுகு போடுங்க. பச்சைப் புல்லை நிறுத்தி வைக்கோலும் தண்ணியும் குடுங்க. உரிஞ்ச இடத்தில ஈ மொய்ச்சுப் புழு வைக்காம வேப்பெண்ணெய் தடவுங்க.

செங்கலடி_கால்நடை:
மற்ற மாடுகளையும் பாருங்க, முக்கியமாக் கறுப்புகளை. கறுப்புத் தோல் லேசில வெடிக்காது, கண் மஞ்சளும் சாணி மாற்றமும்தான் காட்டும், அதால கவனிக்காமலே செத்துப்போகும். கண்ணிமையைத் தூக்கிப் பாருங்க, சாணியைப் பாருங்க. உடல் எடையில நூறில் ஒரு பங்கு இலையே நஞ்சாகப் போதும், 200 கிலோ மாட்டுக்கு 2 கிலோ.

அனுபவமில்லாத மாடுதான் பசியில இதைக் கடிக்கும். புது இடத்துக்குச் சாய்க்கிற அண்டைக்கு வயிறு நிறைய வைக்கோல் போட்டுட்டு அவிழ்த்துவிடுங்க. பட்டியடியில நிக்கிற நாயுண்ணியை மழை பெய்து மண் இளகினதும் வேரோட பிடுங்குங்க, வெட்டினா திரும்பத் தளிர்க்கும். பிடுங்கினதை மாடு எட்டுற இடத்தில குவிக்க வேண்டாம், காய்ஞ்ச இலையிலயும் நஞ்சு இருக்கு.