கச்சான் காற்றில் கோல் கிக் பதினைந்து அடிகூடப் போகவில்லை. என்ன செய்யலாம்?

எழுதியவர்: நாலுபாகம் (தங்கச்சிமடம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் விசைப்படகுத் தொழிலாளி. கால்பந்து எனக்குச் சின்ன வயதில் கடற்கரையில் உதைத்ததோடு சரி. என் மகளுக்கு 13 வயது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து நடத்தும் 14 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் கோலியாக (கோல் கீப்பர்) நிற்கிறாள். மொத்தம் ஆறு ஊர் அணிகள். ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஏழரைக்கு ஆட்டம், அரைக்கு 25 நிமிடம்.

ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கியதும் 61 நாள் கரையில்தானே. படகு வேலை போக மிச்ச நேரமெல்லாம் கிரவுண்டில் கிடந்தேன். கோல் கம்பம் நட்டபோது கோச் டேப்பைப் பிடித்து 24 அடி அளந்துகொண்டிருந்தார். நான் கையை விரித்து அளந்து பார்த்தேன். சரியாக நாலு பாகம்! நாங்கள் ஆழம் பார்க்கிற அளவு. வெள்ளைக்காரன் கடற்கரையில் நின்றுதான் இந்த ஆட்டத்தை யோசித்தானோ என்னவோ.

கோலுக்கு வலை கிடையாது என்றார்கள். வீட்டில் கிடந்த பழைய இழுவை வலையின் மடியை வெட்டிக் கட்டினேன். அது நான் செய்த தப்பு. மடியில் கண்ணி ரொம்பச் சின்னது. மே கடைசியில் கச்சான் (மேற்கேயிருந்து அடிக்கிற காற்று) ஏறியதும் வலை பாய்மரம் மாதிரி புடைத்து, சவுக்குக் கம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவிழ்த்துவிட்டுப் பெரிய கண்ணி வலையை மாட்டினேன். இப்போது காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடுகிறது, பந்து மட்டும் நிற்கிறது.

ஜூன் பாதியில் தொழில் தொடங்கிவிட்டது. திங்கள், புதன், சனி கடல். சனிக்கிழமை போனால் ஞாயிறு காலை கரை. மீனை இறக்கியதும் குளிக்காமல்கூட ஓடிவருவேன். மகள் முகத்தைச் சுளிப்பாள், அது கிடக்கட்டும். ஐஸ் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை ஐந்து: 0-3, 2-2, 1-4, 0-5, 2-0.

கடைசியாக ஜெயித்த ஆட்டம் பனங்காட்டுக்குள் இருக்கிற கிரவுண்டில் நடந்தது. அங்கே இலை அசையவில்லை. மற்ற நாலும் தெற்குக் கரையை ஒட்டியவை. எங்கள் பக்கம் வடக்குக் கடலைப் பெண் கடல் என்போம், தெற்குக் கடலை ஆண் கடல் என்போம். கச்சான் மாசத்தில் ஆண் கடல் ஓரமாகப் பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். கிழக்குக் கோலில் நின்றால் மேற்கே பார்த்து உதைக்க வேண்டும். காற்று நேரே முகத்தில். எதிரணி வெளியே அடித்த பந்தைக் கோலுக்கு முன்னால் வைத்து உதைக்கிறதுதான் கோல் கிக். அவள் கோல் கிக் மேலே எழும்பி, அந்தரத்தில் நின்று, பெனால்டி பெட்டிக்கு முன்னாலேயே தொப்பென்று விழுகிறது. எதிரணிப் பிள்ளை எடுத்து அப்படியே கோல். வாங்கிய 14 கோலில் 8 இப்படிப் போனவை. அந்த எட்டுக்கும் பக்கத்தில் 'கா' என்று குறித்திருக்கிறேன், காற்றுக்கு. "பந்து கையில் வந்தால் காத்து அடங்குற வரைக்கும் பிடிச்சு வச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தும் பார்த்தாயிற்று.

0-5 அன்று ராத்திரி, "கோலி வேணாம்ப்பா, என்னைய பேக்ல போடச் சொல்லுங்க" என்றாள். பேக் என்றால் கோலிக்கு முன்னால் நின்று தடுக்கிற இடம். கோச்சும் உயரமான வேறொரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டாஸ் ஜெயித்தால் எங்கள் கேப்டன் பிள்ளை யோசிக்காமல் "பந்து" என்கிறாள். ஏழரை மணிக்கு இருக்கிற காற்று எட்டரைக்கு இருக்காது, வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். இதைக் கோச்சிடம் சொல்லலாமா? நல்ல மனுஷன்தான். ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கிற அப்பன் பேசினால் எந்தக் கோச்சுக்குப் பிடிக்கும்? உதைக்கிறதுக்கு வேறு வழி ஏதும் உண்டா?

பதில் 1: விசில் (தொண்டி)

ஊர் ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாகப் போகிறவன். உங்கள் பிரச்சினையில் பாதிக்கு விதியிலேயே வழி இருக்கிறது.

முன்பெல்லாம் கோல் கிக் பெட்டியைத் தாண்டினால்தான் ஆட்டத்தில் சேரும். 2019இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது உதைத்த பந்து நகர்ந்தாலே போதும், பெட்டிக்குள்ளேயே உங்கள் பேக் வாங்கலாம். அதுவரை எதிரணி பெட்டிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கோலிதான் உதைக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலும் விதி இருந்ததில்லை. காலில் பலமுள்ள பேக் பிள்ளை உதைக்கட்டுமே.

டாஸ் விதியும் அதே வருஷம் மாறியது. ஜெயித்தவர் பந்தையும் கேட்கலாம், பக்கத்தையும் கேட்கலாம். எதிரணி ஜெயித்துப் பந்து கேட்டால் பக்கம் தேர்வு செய்வது உங்கள் கேப்டன். காற்றைப் பற்றி நீங்கள் சொல்வது சரியென்றால் முதல் பாதியில் எதிர்க்காற்று, இரண்டாம் பாதியில் முதுகுக் காற்று என்று வாங்கிக்கொள்ளுங்கள். முதுகில் காற்று இருக்கும்போது இன்னொன்று: கோல் கிக்கிலிருந்து நேராக வாங்கினால் ஆஃப்சைடு (எதிரணிப் பேக்குகளைத் தாண்டி முன்னால் நிற்கிற தப்பு) கிடையாது. ஃபார்வர்டு ஒருத்தியைத் தாராளமாக மேலே நிறுத்தலாம்.

ஆனால் காற்று அடங்கும்வரை பிடித்து வைக்கச் சொன்னீர்களே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். 2025 ஜூலையிலிருந்து கோலி கையில் 8 விநாடிக்கு மேல் பந்து இருந்தால் எதிரணிக்குக் கார்னர் (மூலையிலிருந்து உதைக்கிற வாய்ப்பு). அந்தக் காற்றில் கார்னர் கொடுப்பது கோலையே கொடுப்பது மாதிரி.

பதில் 2: மதுரை_90பிளஸ்

காற்று எல்லோருக்கும்தானே அடிக்கிறது? எதிரணிக் கோலியும் ஒரு பாதி அதே பக்கம்தானே நிற்கிறாள்? எங்க ஊர் சேது எஃப்.சி. 2019இல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று அடித்து இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைத் தூக்கியது. எல்லாம் பயிற்சிதான் சார். காலில் பலம் இல்லையென்றால் கோலியை மாத்துறதுல தப்பே இல்லை.

நாலுபாகம்: தம்பி, கோப்பை சந்தோஷம்தான். ஒரு ஆடி மாசத்தில் பாம்பன் பாலத்தில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். ஆனால் எதிரணிக் கோலி கேள்வி நியாயமானது. அவர்களில் இரண்டு பேர் மேலே தூக்கி அடிப்பதே இல்லை, உருட்டித்தான் விடுகிறார்கள். நான்தான் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

பதில் 3: கையுறை_அக்கா (சாயல்குடி பக்கம்)

அண்ணே, நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கல்லூரி வரைக்கும் கோலியாக நின்றவள்.

முதலில் கால். மேலே எழும்புகிறது என்றால் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு பந்தின் அடியில் உதைக்கிறாள். ஊன்றுகிற கால் பந்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், நெஞ்சு பந்துக்கு மேலே வரட்டும், பாதத்தின் மேல்பக்கத்தால் பந்தின் நடுவில் அடிக்கட்டும். பந்து தரையை ஒட்டிப் போனால் காற்றுக்கு அதில் வேலை குறைவு. தினமும் இருபது அடித்தால் போதும், நூறு வேண்டாம். இந்த வயதில் தொடையைப் பிடித்துக்கொள்ளும். கையில் வந்த பந்தைக் காலால் அடிக்கவே வேண்டாம், ஓரமாக நிற்கும் பேக்குக்குக் கையால் உருட்டிவிடலாம். தொண்டிக்காரர் சொன்ன சின்ன கோல் கிக்கையும் பழக்குங்கள். ஆனால் நேர் நடுவில் கொடுக்கக் கூடாது, பக்கவாட்டில்தான்.

கோச்சிடம் தாராளமாகப் பேசுங்கள். ஆட்ட நாளில் வேண்டாம், பயிற்சி நாளில், பிள்ளைகள் இல்லாத நேரமாக. "மாத்துங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். காற்றைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். அதில் உங்களைவிட விவரம் தெரிந்தவர் அந்தக் கிரவுண்டில் யார்?

இனி நான் கேட்கிறேன். ஆட்டத்தின்போது எங்கே நிற்கிறீர்கள்? கோல் கம்பத்துக்குப் பின்னாலா? என் அப்பா அங்கேதான் நிற்பார். பந்து வருவதற்கு முன் அவர் மூச்சை இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். அதற்கப்புறம் எனக்குப் பந்து தெரியாது.

இன்னொன்று, அந்த நோட்டு. வாங்கிய கோல் 14, அதில் 'கா' 8 என்று இருக்கிறது. அவள் தடுத்தது எத்தனை? அது எங்கே எழுதியிருக்கிறது? நோட்டை அவள் எடுத்துப் பார்த்திருக்கிறாளா?

நாலுபாகம் (ஒன்பது நாள் கழித்து)

தங்கச்சி, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுத முடியவில்லை. தடுத்ததை நான் எழுதவே இல்லை. நோட்டு அலமாரி மேலே, எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில்தான் கிடக்கிறது. நான் நின்றதும் கம்பத்துக்குப் பின்னால்தான். வலை அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு சாக்கு.

வியாழக்கிழமை கோச்சிடம் டீக்கடையில் வைத்துப் பேசினேன். பக்கம் கேட்கும் விஷயத்தை உடனே ஒத்துக்கொண்டார். கோல் கிக் விதி அவருக்கும் பழையதுதான் தெரிந்திருந்தது. மறைக்காமல் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. "இன்னும் ரெண்டு ஆட்டம் அவளே நிக்கட்டும்" என்றார்.

ஞாயிறு எங்கள் கிரவுண்டிலேயே ஆட்டம். எதிரணி டாஸ் ஜெயித்துப் பந்து கேட்டது. எங்கள் கேப்டன் பிள்ளை மேற்கே கை நீட்டி எதிர்க்காற்றைக் கேட்டு வாங்கியதும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தூரத்தில் உடைமரத்தடியில் நின்றேன். முதல் சின்ன கோல் கிக்குக்கே ரெஃப்ரி விசில் அடித்து, பெட்டியைத் தாண்டவில்லை, மறுபடி அடி என்றார். கோச் போய்ப் பேசி, போனில் விதியைக் காட்டி, அது ஐந்து நிமிடம் ஓடியது. அடுத்ததில் எங்கள் பேக் நடுவில் கொடுத்துத் தொலைத்து ஒரு கோல் வாங்கினோம். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அதே நடு. இரண்டாம் பாதியில் காற்று முதுகில் வந்ததும் ஒன்று போட்டோம். 1-1.

இந்தத் தடவை தடுத்ததற்கெல்லாம் கோடு போட்டேன். பதினொன்று. ராத்திரி நோட்டை நானே அவளிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பன்னெண்டுப்பா. கம்பத்துல பட்டுச்சுல்ல, அது என் விரல்ல பட்டுத்தான் கம்பத்துக்குப் போச்சு. அம்புட்டு தூரத்துல நின்னா ஒங்களுக்கு எங்க தெரியும்" என்றாள். அவளே பேனாவை வாங்கி இன்னொரு கோடு போட்டாள். பேக்கில் போடச் சொல்லும் பேச்சு இந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரம் எப்படியோ.

அப்புறம், இன்னொரு கேள்வி. இருந்த இரண்டு பந்தில் ஒன்றில் கருவேல முள் ஏறிவிட்டது. சைஸ் 5 பந்துக்கு உள் பிளாடர் மாற்றித் தருகிற ஆள் ராமநாதபுரத்தில் யாராவது உண்டா? சைக்கிள் கடையில் ஒட்டிப் பார்த்தோம், அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.